கொடைக்கானலில் ஒரு மனிதவளச் சேவை: ஓராண்டு அனுபவம்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் 22 பேர் வேலை செய்யும் தங்கும் விடுதியை நடத்துகிறேன். தனியாக மனிதவளத் துறை வைக்கும் வசதி இல்லாததால், சம்பளப் பட்டியல், வருங்கால வைப்பு நிதி, பணியாளர் பதிவேடுகள் ஆகியவற்றை உள்ளூரிலுள்ள ஒரு சிறு அலுவலகத்திடம் 2025 ஜனவரியில் ஒப்படைத்தேன். மாதக் கட்டணம் 4,500 ரூபாய்.

வைப்பு நிதியை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். மழைக்காலத்தில் இங்கே மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று தெரியாதாகையால், அவர்கள் 10ஆம் தேதிக்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள்.

அவர்கள் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது எங்கள் சமையற்காரரின் பணிக்கொடை (பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் விலகும்போது முதலாளி தர வேண்டிய தொகை) விஷயத்தில்தான். 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு அவர் மார்ச் மாதம் விலகினார். முன்பு எங்கள் கணக்கைப் பார்த்தவர், இது சீசன் தொழில், ஆண்டுக்கு ஏழு நாள் சம்பளம் போதும் என்று எழுதிவைத்திருந்தார், நானும் நம்பியிருந்தேன். கோப்பைப் புரட்டிப் பார்த்த அலுவலகப் பெண்மணி, “சார், சீசன் என்பது நீங்கள் அறை வாடகையை ஏற்றும் மாதங்கள். விடுதி பன்னிரண்டு மாதமும் திறந்துதானே இருக்கிறது?” என்று கேட்டார். பிறகு தாளில் கணக்குப் போட்டார்: அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய், மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாளுக்கு 600, 15 நாளுக்கு 9,000, 11 ஆண்டுக்கு 99,000. பழைய கணக்கில் 46,200தான் கொடுத்திருப்பேன். முப்பது நாள் கடந்தால் வட்டியும் சேரும் என்றார். கட்டணம் கொடுப்பவன் நான் என்பதற்காக அவர் கணக்கை வளைக்கவில்லை. தொழிலாளிக்குச் சட்டம் தந்ததைக் குறைக்க முதலாளிக்கு உரிமையில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்கிற இந்த வேலையைத்தான் ஒரு மனிதவளத் துறையிடம் நான் எதிர்பார்க்கிறேன்.

ஆனால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்களை விசாரிக்க விடுதிக்குள்ளேயே அமைக்க வேண்டிய உள்ளகக் குழுவில் அவர்கள் பெரிய தவறு செய்தார்கள். பணியாளர்களில் மூத்த பெண் ஒருவர் தலைமை ஏற்க வேண்டிய இடத்தில், விடுதியில் வேலையே செய்யாத என் மனைவியின் பெயரை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண் ஒருவர், “ஐயா மேலேயே புகார் இருந்தால் அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?” என்று கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. முதலாளி மீதான புகாரை மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவுக்குக் கொண்டுபோகலாம் என்ற விவரம்கூட அந்த அறிவிப்பில் இல்லை. எங்கள் வரவேற்புப் பிரிவின் மூத்த பெண் ஊழியரைத் தலைவராக்கிய புதிய பட்டியல் வர ஏழு வாரம் ஆயிற்று. குழுவில் இருக்க வேண்டிய, விடுதியைச் சேராத வெளி உறுப்பினரை எங்கள் பணியாளர்கள் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போகிறேன். அந்த வெளி உறுப்பினர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வந்து எங்கள் பெண் பணியாளர்களைச் சந்திக்க வேண்டும் என்பதை அதில் எழுத்தில் சேர்த்த பிறகு.