அப்பாவின் வேதபுத்தகமும் லாங் பஜார் பைண்டிங் கடையும்

வேலூர் லாங் பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இயங்கும் புத்தகப் பைண்டிங் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. காகிதம் வெட்டும் இயந்திரத்தின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் தந்தையின் வேதபுத்தகத்தை அங்கே புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். வேலை மிக நேர்த்தி. சொன்ன நாளை மட்டும் நம்ப முடியாது. பத்து நாள் என்றார், பத்தொன்பது நாள் ஆயிற்று.

அப்பா அதை 1979இல் வாங்கினார். முதல் பக்கத்தில் அவர் எழுதிய முகவரி ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று முடிகிறது. 1989இல் அந்த மாவட்டம் பிரிந்து, 2019இல் வேலூரும் மூன்றாகி, அவர் தோல் தொழிற்சாலையொன்றில் கணக்கராக இருந்த இராணிப்பேட்டை தனி மாவட்டமாகவே ஆகிவிட்டபோதும் அவர் அதைத் திருத்தவில்லை. தினமும் விடியற்காலை நாலரை மணிக்குத் திறக்கப்பட்ட புத்தகம் என்பதால் சங்கீதங்களின் ஓரமெல்லாம் விரல் பட்டுப் பழுப்பேறியிருந்தது. முன்பு வேறொரு கடையில் பழைய தையலைப் பிரிக்காமலேயே பக்கவாட்டில் துளையிட்டுக் கம்பி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் புத்தகம் விரியவே இல்லை. உள்ளோர எழுத்துகளைப் படிக்க ஒரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் அப்படியே படித்தார். நான் சலித்துக்கொண்டபோது, “அவருக்கு என்ன அவசரமோ, விடுப்பா” என்றார்.

இந்தக் கடைக்காரர் முதலில் அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு மடிப்பு மடிப்பாகப் பிரித்து, கிழிந்த முதுகு மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி, நூலால் தைத்திருக்கிறார். வேதபுத்தகத் தாள் மிக மெல்லியது, பசையில் நீர் கூடினால் சுருங்கிவிடும் என்பதால் மைதாப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்த்ததாகச் சொன்னார். ஓரங்களை வெட்டிச் சமன்செய்யவில்லை. வெட்டியிருந்தால் அப்பாவின் பென்சில் குறிப்புகள் பாதியாகப் போயிருக்கும். நெற்றி நிறைய விபூதி அணிந்த அந்த மனிதர், மற்ற நோட்டுகளெல்லாம் தரையில் அடுக்கியிருக்க, இதை மட்டும் ஒரு ஸ்டூலின் மேல் துணி விரித்து வைத்திருந்ததையும் கவனித்தேன்.

ஆனால் இக்கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று என்னைத் தூண்டியது அவர் ஐந்தாம் நாள் செய்த தொலைபேசி அழைப்புதான். பைண்டிங்கில் பழைய வெற்றுத்தாள்களைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதியவற்றை ஒட்டுவது வழக்கம். “கடைசித் தாளில் ஏதோ கணக்கு இருக்கு சார், பார்த்துட்டுச் சொல்லுங்க” என்றார். போய்ப் பார்த்தேன். இடப்பக்கம் அப்பா பிறரிடம் வாங்கிய கைமாற்றுகள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘கொடுத்தேன்’ என்ற சொல்லும் தேதியும். வலப்பக்கம் அவர் பிறருக்குக் கொடுத்தவை: 75, 150, 400 என்று சிறு சிறு தொகைகள், பெரும்பாலும் உடன் வேலை செய்தவர்களுக்கு. அவற்றின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் ‘தீர்ந்தது’. அவர்களில் பலர் திருப்பித் தரவே இல்லை என்பதை அம்மாவின் புலம்பலிலிருந்து நான் சிறு வயதிலேயே அறிவேன். பிறகு எப்படித் தீர்ந்தது? 2.8.1987, 6.3.1994 என்று தேதிகளைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் புரிந்தது. எல்லாமே மாதத்தின் முதல் ஞாயிறு, எங்கள் சபையில் திருவிருந்து நாள். கடனாளிகளுக்கு மன்னிப்பதைப் பற்றிப் பரமண்டல ஜெபத்தில் வரும் வரியை நாங்கள் எல்லோரும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் பேனாவை எடுத்து அதை நிறைவேற்றிவிட்டுக் கோயிலுக்கு வந்திருக்கிறார். இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்தத் தாளைப் புதிய வெற்றுத்தாளுக்கு முன்னால் சேர்த்துத் தைத்துத் தந்தார் கடைக்காரர். கறுப்பு காலிகோ உறை, முதுகில் பொன்னெழுத்து. எழுத்து சற்றே சாய்ந்திருக்கிறது, அது ஒரு குறைதான். சிவப்பு நாடாவும் இன்னும் இரண்டு அங்குலம் நீளமாக இருந்திருக்கலாம். கூலி 650 ரூபாய். கையால் தைத்த வேலைக்கு இது அதிகமில்லை.

வீட்டில் அப்பா புத்தகத்தை மேசையில் வைத்துத் திறந்தார். அது தானாக விரிந்து நின்றது. இரண்டு கைகளையும் எடுத்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பணமெல்லாம் கொடுத்துட்டியாப்பா?” என்று கேட்டார். சில்லறை இல்லாததால் 600 கொடுத்தேன், மீதியை அடுத்த முறை வாங்கிக்கொள்வதாக அவரே சொன்னார் என்றேன். அடுத்த முறை எப்போது என்றார். அன்று மாலையே மறுபடி பஸ் ஏற வேண்டியதாயிற்று. கடைக்காரருக்கு அந்த ஐம்பது ரூபாய் நினைவிலேயே இல்லை.

ஞாயிறு விடுமுறை. போகிறவர்கள் சில்லறையோடு போவது நல்லது.