டூ ஸ்டேஜ் வேக்கம் பம்ப்: சேலத்திலும் ஏற்காட்டிலும் பல வருட அனுபவம்

சேலத்தில் ஏசி, கோல்டு ரூம் வேலை செய்கிறேன். கேஸ் நிரப்பும் முன் பைப்பில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியே எடுக்கும் அரை ஹெச்பி டூ ஸ்டேஜ் வேக்கம் பம்ப் ஒன்று பல வருஷமாக என்னோடு அஸ்தம்பட்டி மாடிப்படிகளும் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்குகிறது. வாங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

உள்ளே உருளை வடிவில் ஒரு அறை. அதில் நடுவை விட்டு ஒதுங்கி உட்கார்ந்த ரோட்டார். ரோட்டாரின் பள்ளங்களிலிருந்து நழுவி வந்து சுவரை உரசியபடி சுற்றும் தகடுகள். ஒரு பக்கம் இடம் விரியும்போது பைப்பில் இருக்கும் காற்று தானே அங்கே பரவி வரும். மறுபக்கம் இடம் சுருங்கி, அந்தக் காற்றை எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியே தள்ளும். தகட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைப்பது ஆயில்தான். டூ ஸ்டேஜில் முதல் அறை தள்ளியதை இரண்டாவது அறை வாங்கி வெளியேற்றுவதால் இன்னும் ஆழமான வேக்கம் வரை போக முடிகிறது.

காற்றை எடுப்பது பாதி வேலைதான். பைப்புக்குள் இருக்கும் ஈரம்தான் பெரிய எதிரி. ஆர்-32, ஆர்-410ஏ என்ற ஏசி கேஸ்களில் ஓடும் கம்ப்ரஸர்களின் ஆயில் தண்ணீரோடு சேர்ந்தால் ஆசிட் ஆகி மோட்டாரின் கம்பிச் சுற்றான வைண்டிங்கையே தின்றுவிடும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கித்தான் எடுக்க வேண்டும். 35 டிகிரி சேலத்து வெயிலில், பைப்புக்குள் அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறங்கினாலே தண்ணீர் கொதிக்கும். ஏற்காட்டில் 15 டிகிரி குளிரில் 13-க்கு இறங்க வேண்டும். அங்கே பைப்பைக் கொஞ்சம் சூடு காட்டிக்கொண்டே ஓட்டுகிறேன். கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் துரத்தி, "வேக்கம் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஈரம் உள்ளேயே இருக்கும், வீட்டுக்காரருக்கு அது தெரியாது.

ஏற்காட்டில் ஏசி எதற்கு என்று கேட்பீர்கள். விடுதிச் சமையலறைகளில் கோல்டு ரூம் இருக்கிறதே. அப்படி ஒரு இடத்தில், கூட வந்த பையன் பதறிப்போனான்: "அண்ணா, முள்ளு இருபத்தஞ்சத் தாண்டவே மாட்டேங்குது. பம்ப்பு போயிருச்சுங்களா?" பம்ப் நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் வழக்கமாக மாட்டும் முள் வைத்த மேனிஃபோல்ட் கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். சேலத்தில் முழு வேக்கத்துக்கு 29 இஞ்ச் வரை போகும் முள், 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் 25-க்கு மேல் போகாது. வெளிக்காற்றோடு ஒப்பிடாமல் உள்ளே மிஞ்சிய அழுத்தத்தை நேராக அளக்கும் மைக்ரான் கேஜை மாட்டிக் காட்டினேன். அதற்கு மலையும் ஒன்று, ஊரும் ஒன்று. 500 மைக்ரானுக்கு, அதாவது அரை மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே வந்ததும் வால்வை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும். அளவு நிற்காமல் ஏறினால் லீக். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் இன்னும் ஈரம் பாக்கி.

பம்ப்பின் ஆயுள் ஆயிலில்தான் இருக்கிறது. உறிஞ்சிய ஈரம் அமுங்கித் தண்ணீராகி ஆயிலில் கலந்துவிடும். ஆயிலைப் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடியான சைட் கிளாஸில் ஆயில் மோர் மாதிரி வெளுத்துத் தெரிந்தால் அடுத்த வேலைக்கு முன்பே மாற்றிவிடுவேன். மழைக்காலத்தில் ஆரம்பத்தில் பம்ப்பில் இருக்கும் கேஸ் பேலஸ்ட் என்ற சின்ன வால்வைத் திறந்து வைப்பேன். அது கொஞ்சம் வெளிக்காற்றை உள்ளே விடுவதால், ஆவி தண்ணீராக மாறும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துகொள்ளும். அப்புறம் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆழம் கிடைக்காது.

குறை என்று பார்த்தால் எடை. மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனால் தோள் வலிக்கும். மலையில் விடிகாலைக் குளிரில் ஆயில் கெட்டியாகி, வோல்டேஜும் குறைந்திருந்தால் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். வாய் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு ஹோஸை மாட்டினால் சரியாகிவிடும். சத்தத்தைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை.

வீட்டு ஏசி வேலைக்குப் பெரிய சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்கும் என்ற அளவு) தேடி அலைய வேண்டாம். கால் இஞ்ச் ஹோஸ் கழுத்தை நெரித்தால் எவ்வளவு பெரிய பம்ப்பும் வீண்தான். டூ ஸ்டேஜ், கேஸ் பேலஸ்ட், சைட் கிளாஸ் இவை இருக்கும் நடுத்தர பம்ப் போதும். மிச்சமாகும் பணத்தில் முக்கால் பங்கை மைக்ரான் கேஜுக்கு ஒதுக்குங்கள், மீதியில் எட்டில் மூன்று (3/8) இஞ்ச் ஹோஸும், சர்வீஸ் வால்வுக்குள் வழியை அடைக்கும் ஊசியான வால்வு கோரைக் கழற்றும் டூலும் வாங்குங்கள்.