மச்சானின் தாரா வேட்டை உடுப்பும் என் நாலு மாரியும்

ஒன்ராறியோவில் இருக்கும் மச்சான் தாரா வேட்டைக்குப் போகிறவர். தொடங்கின புதிதில் கண்டதையும் வாங்கிக் குவித்துவிட்டு, பிறகு தோதானதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டி கட்டி எனக்கு அனுப்பினார். நான் சுடுகிறவன் இல்லை. மார்கழி தொடங்கி மாசி வரை விடியப்புறம் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுக் களப்புப் பக்கம் போய்த் தாரா பார்க்கிறவன். சில ஞாயிறுகளில் சுண்டிக்குளம். வடக்கே இருந்து ஊசிவால், நீலச்சிறகி என்ற தாராக்கள் வந்து தங்கும் காலம் அது.

யாழ்ப்பாணத்தில் என்ன குளிர் என்று கேட்பவர்கள் விடிய ஐந்து மணிக்குத் தரவை வெளியில் இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்து பார்க்கவேண்டும். வெப்பமானி 22 பாகைதான் காட்டும். ஆனால் களப்பைத் தடவி வரும் வாடைக்காற்று காதுக்குள்ளால் போய்ப் பல்லில் நிற்கும்.

முதல் நாளே பிழை விட்டேன். கொட்டன் ரீசேட், அதற்கு மேல் சுவெட்டர், அதற்கு மேல் மச்சானின் ஜக்கெற் என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். இடத்துக்குப் போகும்போது முதுகெல்லாம் வியர்வை. குந்தி இருந்து கால் மணித்தியாலத்தில் அந்த ஈர ரீசேட் தோலோடு ஒட்டி நடுங்க வைத்துவிட்டது. தாரா வந்ததா இல்லையா என்றுகூட ஞாபகம் இல்லை. இரவு மச்சானிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். "நடக்கேக்க கழட்டு, இருந்தாப் பிறகு போடு. பூச்சியம் பாகைக் குளிரில நிக்கிற எங்களுக்கும் அதுதான் விதி. கொட்டன் மட்டும் உடம்பில படக்கூடாது."

அன்றிலிருந்து ஜக்கெற் பையில் வரும். போய் இருந்து, வியர்வை ஆறின பிறகுதான் உடம்பில் ஏறும். பெட்டியில் வந்த சாமான் எல்லாவற்றையும்விட எனக்கு உதவினது இந்த ஒரு வார்த்தைதான்.

உள்ளே போட மெரினோ கம்பளியில் நீளக்கைச் சட்டை ஒன்று வந்தது. கம்பளி தன் நிறையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் ஈரமாய்த் தெரியாது. மூன்று நாள் தொடர்ந்து போட்டாலும் மணக்காது. ஆனால் இரண்டாம் மாரிக்கு அலுமாரியைத் திறந்தால் பூச்சி அரித்து முழங்கையில் நாலு ஓட்டை. அதைத் தைத்துத்தான் இப்போதும் போடுகிறேன். கம்பளி கிடைக்காதவர்களுக்குப் பொலியெஸ்டர் விளையாட்டு ஜேர்சி போதும். என்ன, அன்றைக்கே துவைக்காவிட்டால் பக்கத்தில் ஆள் இருக்கமாட்டான்.

இறகு அடைத்த தடித்த ஜக்கெற் எங்களுக்குத் தேவையே இல்லை. இங்கத்தைய ஈரலிப்பில் பூஞ்சணம் பிடித்தது. துவைத்தேன், இறகெல்லாம் உருண்டை உருண்டையாய்த் திரண்டுவிட்டது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்று அம்மா இப்போது அதைக் காலில் போர்த்துக்கொண்டு படுக்கிறார்.

தண்ணீரில் இறங்குவதற்கென்று வந்த, நெஞ்சுவரை வரும் நியோபிரீன் (நுரை றப்பர்) காற்சட்டை பூட்ஸோடு சேர்த்து ஒட்டினது, 5 மில்லிமீற்றர் தடிப்பு. அதோடு ஒருநாள் களப்புக்குள் இறங்கினேன். கரையில் சறத்தை மடித்துக் கட்டி, தலையைச் சுற்றித் துவாய் கட்டியிருந்த கடற்றொழிலாளி ஐயா கேட்டார்: "தம்பி, சந்திரனுக்கே போறீர்?" ஏழு மணி வெயிலுக்குள் உள்ளே அவிந்துபோனேன். அது பனிக்கட்டித் தண்ணீருக்குச் செய்த சாமான். அதையும் இடுப்பில் பட்டி இறுக்காமல் போடக்கூடாது என்று மச்சான் சொல்வார். விழுந்தால் தண்ணீர் நிரம்பிவிடும். நான் முழங்காலுக்குக் கீழே நிற்கும் றப்பர் பூட்ஸுக்கு மாறினேன். சேறு ஒன்றை உருவி எடுத்தது, கையை விட்டுத் தோண்டினேன். ஆனாலும் சிப்பி ஓட்டில் வெறுங்காலை வெட்டிக்கொள்வதைவிட இது மேல். அந்த ஐயாவின் துவாய்க்கட்டை மட்டும் அன்றே பழகிவிட்டேன். காதை மூடினால் பாதிக் குளிர் போய்விடும்.

நாணல் படம் போட்ட மறைப்புத் துணியைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. இராணுவச் சீருடையை ஒத்த துணியைப் பொதுமக்கள் போடுவது இங்கே சட்டத்துக்குப் பிழை. இது நாணல்தான் ஐயா என்று விடிய ஐந்து மணிக்கு வழியில் மறிப்பவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தைரியம் இல்லை. மண்நிறச் சேட் போடுகிறேன். அசையாமல் இருந்தால் தாரா கிட்ட வரும்.

நாலு மாரியும் கைவிடாதது மெல்லிய காற்றுத்தடுப்பு மழை ஜக்கெற். மடித்தால் கையளவு. களப்பு உப்பில் சிப் இறுகும். நல்ல தண்ணீரில் அலசி மெழுகுதிரியால் தேய்த்தால் ஓடும். ஆனால் மூன்றாம் வருடம் உட்பூச்சு உரியத் தொடங்கியது. சட்டையெல்லாம் பொடுகு கொட்டின மாதிரி வெள்ளைச் செதிள். வெக்கையிலும் ஈரத்திலும் மூடிவைத்தால் அந்தப் பூச்சு அப்படித்தான் சிதையும். நான் ஒன்பது மாதம் தகரக் கூரைக்குக் கீழே பொலித்தீன் பையில் முடிந்து வைத்திருந்தேன். இப்போது மழைக்கு ஒழுகுகிறது, காற்றை மட்டும் மறிக்கிறது. அடுத்ததை வாங்கினால் உள்வீட்டில் கொடியில் தொங்கவிடுவதாக இருக்கிறேன்.