சாரலுக்கு ஆகாத ஸ்பீக்கர்

தென்காசித் தம்பி ஒருவன் கேட்டிருந்தான்: "அண்ணாச்சி, பழைய எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் ஜோடி ஒண்ணு விலை இறங்கி வந்திருக்கு, எடுத்துப் போடவா?" என் ஜோடியே ரிப்பேருக்குப் போய் இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறது. கொடுத்த கூலிக்கு, கூம்பு வைத்த சாதாரணக் கோன் ஸ்பீக்கர் ஜோடி புதிதாகவே வாங்கியிருக்கலாம். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். கோளாறில் பாதி நம் ஊர்க் காற்றுக்குச் சேரும்.

"டிக்." என் புகார் இவ்வளவுதான். ஐப்பசி பிறந்து பாளையங்கோட்டையில் மழை பிடித்துவிட்டால், பாட்டே ஓடாத நேரத்திலும் இடது பேனலிலிருந்து "டிக்... டிக்". ஆலாபனைக்கு நடுவில் ஒரு "டிக்". பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் சரியாக இன்னொன்று. கொஞ்ச நாளில் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு அடுத்த "டிக்" எப்போது என்று காத்திருக்கிறோம்.

இந்த ஸ்பீக்கரில் காந்தம் இல்லை, காயில் இல்லை, பெட்டியும் இல்லை. சில மைக்ரான் தடிமனில் ஒரு பாலியெஸ்டர் படலம், அதற்கு முன்னும் பின்னும் துளை போட்ட உலோகத் தகடு. படலத்தில் சில ஆயிரம் வோல்ட் எப்போதும் ஏறியிருக்கும். ஆம்ப்ளிஃபயர் தருவதை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பல மடங்கு உயர்த்தி இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகக் கொடுக்கும். ஒன்று இழுக்க, ஒன்று தள்ள, படலம் அசையும். படலத்தின் பூச்சு வேண்டுமென்றே மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத பூச்சு. மின்னூட்டம் ஓடித் திரியாமல் நின்ற இடத்தில் நிற்பதால்தான் சிக்னலுக்கு நேர் விகிதத்தில் விசை கிடைக்கிறது, ஒலியும் அத்தனை சுத்தமாக இருக்கிறது.

அதே மின்னூட்டம் தூசியையும் இழுக்கிறது. ஆனி, ஆடியில் எங்கள் பாளையங்கோட்டையில் மழை கிடையாது, காற்றும் புழுதியும்தான். அந்தப் புழுதி ஐப்பசி ஈரத்தைக் குடித்ததும் மின்சாரம் அதன் வழியாகக் கசியத் தொடங்கும், அதுதான் அந்த "டிக்". உயர் வோல்டேஜ் தரும் சர்க்யூட்டால் மிகச் சொற்பமான கரன்ட்தான் கொடுக்க முடியும். கொஞ்சம் கசிந்தாலே வோல்டேஜ் படுத்துவிடும். இடது பேனல் நமுத்த அப்பளம் ஆகிவிட, நடுவில் நின்று பாடியவர் மெல்ல வலது பக்கம் ஒதுங்கிவிடுவார். ரிப்பேரில் டயோடு, கெப்பாசிட்டர் வரிசையை முழுக்க மாற்றினார்கள். தூசி தடுக்கும் மெல்லிய உறை ஓரத்தில் கிழிந்திருந்ததாம், உள்ளே ஈசல் இறக்கை. மழை விட்ட சாயந்தரத்தில் நம் வீட்டு ஈசலுக்குப் போக்கிடமா இல்லை!

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். கோயில் கொடை ஒன்றில் பதிவு செய்த வில்லுப்பாட்டு என்னிடம் இருக்கிறது. வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லில் கட்டிய மணிகள் அத்தனையும் ஒலிக்கும். என் பழைய கோன் ஸ்பீக்கரில் அது ஒரே ஜலஜலப்பு. இதில் மணி மணியாகப் பிரிந்து கேட்கிறது, கோல் பட்ட சத்தம் தனியாக, மணிகள் அடங்குவது தனியாக. காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய நாதஸ்வரப் பதிவைப் போட்டால், சீவாளிக்குள் காற்று புகும் இடம்கூடத் தெரிகிறது.

கோன் என்பது 1925-ல் ரைஸும் கெல்லாக்கும் காட்டிய வழி. காந்த இடைவெளியில் அசையும் காயில், கூம்பை அதன் நடுவில் பிடித்துத் தள்ளுகிறது. உயர்ந்த சுருதிகளில் நடுப்பகுதி ஒரு பக்கம் போக விளிம்பு வேறு பக்கம் போகும். பெட்டியும் தன் பங்குக்கு முனகும். படலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் தள்ளப்படுகிறது, எடையோ அது தள்ளும் காற்றோடு ஒப்பிடும் அளவுதான். இங்கிலாந்தின் குவாட் கம்பெனி 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஈஎஸ்எல் என்ற எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கரை இன்றும் பழுது பார்த்துப் பார்த்துக் கேட்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

வில்லுப்பாட்டின் குடம்? அதைக் கேட்காதே. பனைமட்டை குடத்தின் வாயில் அறையும்போது நெஞ்சில் விழ வேண்டிய அடி இதில் விழாது. படலம் முன்னே தள்ளும் ஒலியும் பின்னே தள்ளும் ஒலியும் எதிரெதிர். தாழ்ந்த சுருதிகளில் பின்னொலி விளிம்பைச் சுற்றி வந்து முன்னொலியை அழித்துவிடும். அதிகமாக அசைக்கலாம் என்றால் தகடுகளுக்கு நடுவே இடமும் இல்லை. கொடையில் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் கொஞ்சம் வாட்டிலேயே வயல் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்கும். அந்தத் திறனில் இதற்குக் கால்வாசியும் கிடையாது. சுவரை ஒட்டி வைக்கவும் முடியாது, பின்னால் மூன்றடியாவது விட வேண்டும். அப்புறம், பேனல் தட்டையாக இருப்பதால் சரியாகக் கேட்கும் இடம் ஒரு நாற்காலி அளவுதான். 1981-ல் வந்த ஈஎஸ்எல்-63-ல் வளையம் வளையமாகச் சிக்னலைத் தாமதப்படுத்தி இதற்கு வழி கண்டார் குவாட் கம்பெனியின் பீட்டர் வாக்கர். என்னுடையதில் அது இல்லை. வீட்டில் மற்றவர்கள் டிவி பார்க்கப் போய்விடுகிறார்கள்.

ஆகவே தம்பி, வாங்காதே. எங்களுக்கு ஒரு மழைக்காலம், உனக்குச் சாரலையும் சேர்த்து இரண்டு. நல்ல கோன் ஜோடி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு. என்னுடையதைத் தருவீர்களா என்று கேட்டும் வராதே, தர மாட்டேன்.

எப்படியும் நீ போய்ப் பார்ப்பாய். வெயில் காயும் மத்தியானத்தில் போகாதே, மழை நாளாகப் பார்த்துப் போ. பாட்டுப் போடாமல் இரண்டு மணி நேரம் பிளக்கில் விடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று காது கொடு. பிறகு ஒற்றைக் குரல் மோனோ பதிவு ஒன்றைப் போடு. குரல் நடுவில் நிற்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடு. உன் ஆம்ப் எது என்றும் சொல். உயர்ந்த சுருதிகளில் இதன் தடை ஒன்றிரண்டு ஓம் வரைகூட இறங்கும், எல்லா ஆம்பும் தாங்காது. விற்பவர் என்ன சொன்னாலும் துணி உறையைக் கழற்றி உள்ளே கை வைக்காதே; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும்.