ஓஸ்தி வாங்கும்போது: மெல்லிய வெள்ளையா, முழுக்கோதுமையா?

கத்தோலிக்கத் திருப்பலியில் (பூசையில்) அர்ச்சித்து மக்களுக்குக் கொடுக்கும் வட்ட அப்பம்தான் ஓஸ்தி. பங்குக் கோயில்களுக்கு இரண்டு வகை ஓஸ்தி கிடைக்கிறது. ஒன்று, கன்னியர் மடங்களில் சுட்டுத் தரும் மெல்லிய வெள்ளை ஓஸ்தி. மற்றது, பழுப்பு நிறத்தில் சற்றே தடித்த முழுக்கோதுமை ஓஸ்தி. விலையும் வசதியும் மட்டும்தான் கணக்கு என்றால் வெள்ளையே போதும். ஆனால் கையில் வாங்குபவருக்கு அது அப்பமாகத் தெரிகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை (எண் 321) கேட்பது அதைத்தான்: பார்வைக்கு உணவாக இருக்க வேண்டும், குரு அதைப் பிட்டு ஒரு சிலருக்காவது கொடுக்க முடிய வேண்டும்.

சேர்மானம் இரண்டுக்கும் ஒன்றே: கோதுமை மாவு, தண்ணீர். உப்பு, எண்ணெய், ஈஸ்ட் எதுவும் கூடாது. கோதுமை மட்டுமே, அதுவும் அண்மையில் செய்தது என்கிறது திருச்சபைச் சட்டம் 924. புளிப்பில்லாத அப்பம் இலத்தீன் (ரோமன் கத்தோலிக்க) மரபு; இஸ்ரயேலர் எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்ட பாஸ்கா இரவின் நினைவு அதில் இருக்கிறது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையினரோ புளித்து எழும்பிய மாவில் உயிர்த்த ஆண்டவரைக் காண்கிறார்கள்.

தரம் கெடுவது பெரும்பாலும் வெட்டும்போதுதான். கரைத்த மாவைச் சூடான இரட்டைத் தட்டில் ஊற்றி அழுத்திச் சுட்டால் மொறுமொறுவென்ற தகடு வரும். அதை ஈரக்காற்று உள்ள அறையில் வைத்துப் பதப்படுத்திய பிறகே வட்டமாக வெட்ட வேண்டும். பதம் வராமல் வெட்டினால் ஓரம் நொறுங்கும். ஈரம் கூடினால் ஒன்றோடொன்று ஒட்டும், பூஞ்சணம் பிடிக்கும். பாக்கெட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் தூள் கொட்டினால் சரியாகச் சலிக்கவில்லை என்று அர்த்தம். அர்ச்சித்த பிறகு துகள்கூடக் கிறிஸ்துவின் திருவுடல்தான் என்பதால் இதில் சமரசமே கிடையாது.

வெள்ளை ஓஸ்தி சுமார் 3 செ.மீ. விட்டமும் ஒரு மி.மீ. அளவு தடிமனும் இருக்கும். துகள் குறைவு, பாத்திரத்தில் நிறையக் கொள்ளும். குறை என்னவென்றால், நாக்கில் பட்டதும் கரைந்துவிடுகிறது. மென்று உண்ணும் உணவு என்ற உணர்வே வருவதில்லை. "வாழ்வு தரும் உணவு நானே" என்ற வார்த்தைக்கு இது மிக மெலிந்த அடையாளம் என்பது எங்கள் கருத்து. முழுக்கோதுமையில் நிறமும் மணமும் கடிபதமும் உண்டு. தடிமன் இரட்டிப்பானால் பாத்திரத்தில் கொள்ளும் எண்ணிக்கை பாதியாகிவிடும். திருவிழாப் பூசைக்கு இன்னொரு பாத்திரம் எடுத்து வையுங்கள். ஓரம் மூடி அழுத்தப்பட்ட வகை கிடைத்தால் துகள் தொல்லையும் குறையும்.

எங்கள் முதல் பரிந்துரை இவை இரண்டுமல்ல: 15 செ.மீ. அளவிலான, பிடுவதற்குக் கோடிட்ட பெரிய ஓஸ்தி. அப்பம் ஒன்றே, அதில் பங்குகொள்ளும் பலரும் ஒரே உடல் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. குருவின் வழக்கமான 7 செ.மீ. ஓஸ்தியை எழுந்தேற்றத்தில் (அதை உயர்த்திக் காட்டும்போது) பின்வரிசையில் இருப்பவர் பார்ப்பதே சிரமம். பெரியதைப் பிட நேரம் பிடிக்கும் என்பது உண்மை. நாள்பூசைக்கும் சிறு குழுவுக்கும் வைத்துக்கொள்ளலாம், ஞாயிறுக்குச் சிறியவற்றோடு சேர்க்கலாம்.

வாங்கியதைக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். சாம்பிராணியோ நாப்தலின் உருண்டையோ இருக்கும் அலமாரி வேண்டாம். ஓஸ்தி வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். நமுத்ததை வெயிலில் காயவைத்தால் வளைந்துபோகும்.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அது மிகக் குறைந்த ஓஸ்தி இருக்கிறது. குளூட்டன் அறவே இல்லாதது செல்லாது என்று 2017-ல் வத்திக்கான் மறுபடியும் தெளிவுபடுத்தியது. அரிசி மாவு ஓஸ்தியை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். குறைந்த குளூட்டன் ஓஸ்தியைத் தனிச் சிமிழில், மூடியே, பீடத்தில் வைக்க வேண்டும். மற்ற ஓஸ்தியைத் தொட்ட விரலால் எடுத்துக் கொடுத்தால் வாங்கியதே வீண்.