குடும்பக் கட்டுப்பாடு: கணவனுக்கா, மனைவிக்கா?

பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்த நண்பர், சிங்கப்பூர்த் தேக்காவில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டார்: "யாரு செஞ்சுக்கிறது, நானா அவளா?"

சிகிச்சை
ஆண்: விந்தணுவைக் கொண்டுசெல்லும் விந்துநாளம் விதைப்பைத் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது, விரலால் தொட்டே உணரலாம். அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து, அரைமணி நேரத்தில் வெட்டி அடைத்துவிடுவார்கள்.
பெண்: கருமுட்டை வரும் கருக்குழாய் வயிற்றுக்குள் இருக்கிறது. அதை அடைக்கப் பெரும்பாலும் முழு மயக்கம், லேப்ராஸ்கோப்பி (சிறுதுளை அறுவை).

பலன்
ஆண்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெட்டுக்கு அப்பால் ஏற்கெனவே தங்கிய விந்தணுக்கள் வெளியேறச் சுமார் 3 மாதம் ஆகும். பரிசோதனையில் விந்தணு இல்லை என்று வரும்வரை ஆணுறை கட்டாயம்.
பெண்: அடுத்த மாதவிடாய் வரை கருத்தடையில் கவனம் இருந்தால் போதும்.

'ஆண்மை' போய்விடுமா? போகாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் கலக்கிறது, அந்தக் குழாயில் அல்ல. விந்தின் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் சுரப்பதால் அளவும் பெரிதாகக் குறையாது. மனைவி செய்துகொண்டால் அவருக்கும் மாதவிடாய் நிற்காது.

மனைவிக்கு எப்படியும் சிசேரியன் என்றால், அப்போதே கருக்குழாயையும் முடித்துவிடலாம். மற்றபடி என் ஓட்டு ஆணுக்குத்தான். இரண்டையுமே நிரந்தரம் என்று நினைத்துச் செய்ய வேண்டும்.

நண்பர் ஆறிய தேயை ஒரே மடக்கில் குடித்தார். "சரி, எத்தனை நாள் லீவு போடணும்?"