எஸ்எக்ஸ்-70, லேண்ட் கேமரா 100: நாள் கடந்த ஃபிலிமை நம்பலாமா?

எடுத்த உடனே படத்தைக் கையில் தரும் பழைய இன்ஸ்டன்ட் கேமரா வாங்கினால், கூடவே நாள் கடந்த ஃபிலிம் பேக் ஒன்றிரண்டு வந்து சேர்வது வழக்கம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் பழகியவர்கள் உடனே "பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு ஒளி) கூட்டி எடு" என்று கணக்குப் போடுவார்கள். இன்ஸ்டன்ட் ஃபிலிமுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே முதலில் கெடுவது ஒளியை வாங்கும் அடுக்கு அல்ல. படத்தை வெளிக்கொண்டுவரும் பசையும், சில வகைகளில் பேக்குக்குள்ளேயே இருக்கும் பேட்டரியும்தான். எந்தப் பேக்கை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதை இந்த இரண்டையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். போலராய்டின் எஸ்எக்ஸ்-70, ஆட்டோமேட்டிக் 100 லேண்ட் கேமரா ஆகிய இரண்டிலும் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

1972இல் வெளிவந்த எஸ்எக்ஸ்-70 மடக்கு எஸ்எல்ஆர் கேமரா. மடித்தால் கோட்டுப் பைக்குள் போய்விடும். நான்கு கண்ணாடித் துண்டுகள் கொண்ட 116 மி.மீ. எஃப் 8 லென்ஸ். பொருளுக்குச் சுமார் 26 செ.மீ. வரை கிட்டே போகலாம். ஃபோகஸ் கையால்தான், ஆனால் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் பிசகுவது குறைவு. பிற்காலத்துப் பிளாஸ்டிக் லென்ஸ் பெட்டிக் கேமராக்கள் படத்தின் கூர்மையில் இதற்குப் பக்கத்தில்கூட வராது. செலவழிப்பது என்று முடிவு செய்தால் இதற்கே செலவழிக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கேமராவுக்குத் தனி பேட்டரி கிடையாது. 6 வோல்ட் மின்சாரம் ஃபிலிம் பேக்கின் அடியில் உள்ள தட்டைப் பேட்டரியிலிருந்து வருகிறது. பேக் இல்லாமல் "நன்றாக வேலை செய்கிறது" என்று யார் சொன்னாலும் அதைச் சரிபார்க்க வழியில்லை. சமீபத்தில் தீர்ந்த எஸ்எக்ஸ்-70 பேக் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். காலி பேக்கிலும் பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருக்கும். முன்கதவை மூடியதும் மோட்டார் இழுபடாமல் ஒரே சீராக ஓடி நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் உள்கண்ணாடி எழுந்து, ஷட்டர் சொடுக்கி, மோட்டார் மறுபடி சுழல வேண்டும். பிறகு பேக்கை எடுத்துவிட்டு, இருட்டறையில் கதவின் வழியே சிறிய டார்ச்சை உள்ளே பிடித்து, மடிப்புத் தோலின் மூலைகளைப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் மங்கல் விழும். வெளித்தோல் உரிந்திருந்தால் கவலை வேண்டாம், அது அலங்காரம் மட்டுமே. ரோலரில் பழைய பசை காய்ந்திருந்தால் படத்தில் சம இடைவெளியில் புள்ளிகள் வரும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், ரோலரை விரலால் சுழற்றியபடி துடைத்தால் போதும். கத்தி, ஊசி எதுவும் கிட்டே வரக் கூடாது.

இனி ஃபிலிம். கேமரா தள்ளும்போது படத்தின் அகலமான வெள்ளைக் கரைதான் முதலில் வெளியே வரும். அந்தக் கரைக்குள் இருக்கும் பசைப்பையை இரண்டு ரோலர்களும் நசுக்கி, பசையை மேல் முனை வரை பரப்புகின்றன. பசையில் காரம், வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு, படம் தெளியும்வரை ஒளியைத் தடுக்கும் சாயம் எல்லாம் கலந்திருக்கும். ஆண்டுகள் போகப்போக நீர் வற்றிப் பசை கெட்டியாகிறது. கெட்டியான பசை மேல் மூலைகளை எட்டாது. நாள் கடந்த படங்களில் மேல்புறத்தில் முக்கோணமாக வெறுமை விழுவதற்கு இதுவே காரணம். அங்கே கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பலரும் தவறுவது வெளிச்சக் கட்டுப்பாட்டில். இது நேரடியாகப் படம் தரும் ஃபிலிம். ஒளி பட்ட இடத்தில் சாயம் கீழேயே சிக்கிக்கொள்ளும். ஒளி படாத இடத்திலிருந்துதான் சாயம் மேலேறிப் படமாகும். வயதான ஃபிலிமில் ஒளி படாத இடங்களும் தானாகவே கொஞ்சம் மூட்டமடைவதால் அங்கேயும் சாயம் தங்கிவிடுகிறது. கருமை குறைந்து, படம் வெளிறி, மஞ்சள் படிகிறது. இதற்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டினால் மிச்சமிருப்பதும் கழன்றுவிடும். கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைக் கருமைப் பக்கம் அரை அளவு திருப்பி முதல் படத்தை எடுத்துப் பாருங்கள். வெயில் நேரடியாக விழும், நிழல் அழுத்தமான காட்சிகள் இந்த ஃபிலிமுக்குப் பொருத்தம். மேகமூட்டத்தில் எடுத்தால் சாம்பல் துணி போலத்தான் வரும்.

போலராய்டு நிறுவனம் இன்ஸ்டன்ட் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2008இல் அறிவித்தது. அதற்கு முந்தைய, எஸ்எக்ஸ்-70 போல உரிக்கத் தேவையில்லாத படப் பேக்குகள் இப்போது அநேகமாகப் பயனற்றவை. பேட்டரி செத்திருக்கும், பசை உலர்ந்திருக்கும். பெட்டி அழகாக இருக்கிறதே என்று வாங்கலாம். படம் எடுக்க என்று வாங்க வேண்டாம். நெதர்லாந்தின் என்ஷெடே ஆலையில் 2010 முதல் வந்த புதிய வகைப் பேக்குகளில், குளிர்பெட்டியில் வைக்கப்பட்டு, நாள் கடந்து இரண்டு மூன்று ஆண்டு ஆனவை சோதனைக்கு நல்லவை. நிறம் விலகும், ஆனால் உருவம் நிற்கும். வாங்கும்போது பேக்கின் வாய்ப்பக்கத்தில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பசைப்பை உடைந்திருக்கிறது. அதைக் கேமராவுக்குள் விட்டால் ரோலர் நாசம். 600 வகைப் பேக் கிடைத்தால், அது எஸ்எக்ஸ்-70 ஃபிலிமைவிட ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் வேகமானது, அதாவது குறைந்த ஒளியே அதற்குப் போதும் என்பது நினைவிருக்கட்டும். லென்ஸுக்கு முன் ஒளியை இரண்டு ஸ்டாப் குறைக்கும் சாம்பல் நிற என்டி ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் எல்லாம் வெளுத்துவிடும். பேட்டரி இல்லாத ஐ-டைப் பேக் இந்தக் கேமராவை எழுப்பவே எழுப்பாது.

ஃபிலிம் நன்றாக இருந்து பேட்டரி மட்டும் செத்திருந்தால் காப்பாற்றலாம். பேக்கின் அடியில் உள்ள இரண்டு உலோகத் தொடுமுனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் 6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், அண்மையில் தீர்ந்த ஒரு பேக்கை எடுத்துக்கொண்டு, ஒளி புகாத மாற்றுப் பைக்குள் கைகளை விடுங்கள். பழைய பேக்கின் கறுப்பு மறைப்பு அட்டையை உருவி, படங்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுங்கள். காலி பேக்கின் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்தபடி, பார்க்கும் முகம் ஜன்னல் பக்கமாகவும் அகலக் கரை வெளியேறும் பக்கமாகவும் இருக்கும்படி அதே வரிசையில் சொருகுங்கள். அகலக் கரையை அழுத்திப் பிடிக்கக் கூடாது, பசைப்பை அங்கேதான் இருக்கிறது. கடைசியாக மறைப்பு அட்டை மேலே. முதல் முறை செய்பவர்கள் வீணான படங்களை வைத்து வெளிச்சத்தில் நான்கைந்து தடவை பழகிக்கொள்வது நல்லது.

குளிர்பெட்டியில் வைத்த பேக்கை உறையோடு ஒரு மணி நேரம் வெளியே வைத்த பிறகே பிரிக்க வேண்டும். உறைநிலைப் பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாது, பசையின் நீர் உறைந்து பையே வீணாகும். படம் எடுக்க ஏற்ற வெப்பநிலை 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை. அதற்கு மேல் போனால் மஞ்சளும் சிவப்பும் ஏறும்.

ஆட்டோமேட்டிக் 100 போன்ற கேமராக்களில் போடும், படத்தை நெகட்டிவிலிருந்து உரித்து எடுக்கும் பேக் ஃபிலிம் வேறு கதை, நாள் கடந்த சோதனைக்கு அதுவே மேல். அதில் பேட்டரி இல்லை, பேட்டரி கேமராவில்தான். 1963இல் வந்த ஆட்டோமேட்டிக் 100இன் பழைய 4.5 வோல்ட் பேட்டரிக்குப் பதிலாக மூன்று ட்ரிபிள் ஏ செல் பிடிக்கும் தாங்கியைப் பொருத்தலாம். ஃபியூஜி 2016இல் கைவிட்ட எஃப்பி-100சி என்ற உரிக்கும் ஃபிலிம் குளிரில் வைக்கப்பட்டிருந்தால் இன்றும் வியப்பூட்டும் அளவுக்குப் படம் தருகிறது. நிழல்களில் சாயம் விலகும், அவ்வளவுதான். அதன் ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ 100, கேமராவில் உள்ள அமைப்போ 75, ஆகவே சக்கரத்தைக் கருமைப் பக்கம் ஒரு படி வைக்க வேண்டும்.

இதில் அதிகம் நடக்கும் விபத்து தாவல், அதாவது பேக்கிலிருந்து வெளியே நீளும் இழுப்புத் தாள், கிழிவது. ஃபியூஜியின் பிளாஸ்டிக் பேக்கைக் கேமராவின் பின்கதவு ஸ்பிரிங்குகள் தேவைக்கு மேல் அழுத்துகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டால் இழுவை இலகுவாகும். சிறிய வெள்ளைத் தாவலை நேராக இழுத்து, பிறகு பெரிய தாவலை நிறுத்தாமல், சாய்க்காமல், ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் குறுக்குக் கோடு விழும். 25 டிகிரியில் இரண்டு நிமிடம் கழித்து உரிக்கலாம், குளிர் கூடினால் காத்திருப்பும் கூடும். பசை காரமானது, கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

உரித்த நெகட்டிவை எறிந்துவிடாதீர்கள். நிழலில் காயவைத்து, பசைப் பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடித் தகட்டில் வைத்து, நான்கு ஓரங்களையும் நீர் புகாத டேப்பால் ஒட்டுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, பின்புறக் கறுப்புப் பூச்சின் மேல் கெட்டியான ப்ளீச் தடவி மென்மையான தூரிகையால் தேய்த்தால் கறுப்பு கரைந்து வரும். நன்றாகக் கழுவிய பிறகே டேப்பை எடுக்க வேண்டும். ப்ளீச் முன்பக்கம் கசிந்தால் படம் அழியும். எஞ்சிய பசையை வெதுவெதுப்பான நீரில் விரல் நுனியால் நீக்கி, தொங்கவிட்டு உலர்த்தி ஸ்கேன் செய்தால், காகிதப் படத்தில் வராத நுணுக்கங்கள் அதில் கிடைக்கும்.